மூட்டை தூக்கியதால் குடல் இறங்குமா? கவட்டைக்குள் இருக்கும் வாசல்களைப் பற்றி

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு 58 வயது. வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். இரண்டு நாளில் வலது கவட்டையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் மறைகிறது, எழுந்து நின்றால் வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார். "நான்தான் மூட்டையைத் தூக்கச் சொன்னேன்" என்று அம்மா அழுதுகொண்டிருக்கிறார். மூட்டைதான் காரணமா, அந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது, பெல்ட் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: இது உங்களால் வரவில்லை. அந்த இடத்தின் பலவீனம் மூட்டைக்கு வெகு காலம் முந்தியது. முப்பது ஆண்டுகளாக இந்த அறுவை சிகிச்சையைச் செய்கிறேன். நோயாளியின் வீட்டில் யாராவது ஒருவர் இப்படித் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்காத மாதம் இல்லை. கவட்டையின் அமைப்பு புரிந்துவிட்டால் அந்தப் பழி தானாக விலகும். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே விளக்குகிறேன்.

மல்லாந்து படுத்துக்கொண்டு உங்கள் இடுப்பின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் கூர்மையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படும். நடுவில், பிறப்புறுப்புக்குச் சற்று மேலே, இன்னோர் எலும்பு இருக்கும். அதன் ஓரத்தில் சிறிய முடிச்சு போல ஒரு மேடு உண்டு. இந்த இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அதுதான் வயிற்றுக்கும் தொடைக்கும் எல்லை. அந்தக் கோட்டில் ஒரு நார் ஓடுகிறது. அது தனியாகக் கட்டிய கயிறு அன்று. வயிற்றின் வெளித்தசை கீழே வரவர மெலிந்து ஒரு வெண்ணிறத் தகடாகி, வேட்டி விளிம்பை உள்ளே மடித்துவிட்டது போல மடிந்து நிற்கிறது. அந்த மடிப்புத்தான் கவட்டு நார்.

வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் இழையும் வேறு வேறு திசையில் ஓடுகிறது. ஒட்டுப்பலகையில் மரத்தின் ரேகையை மாற்றி மாற்றி அடுக்குவார்களே, அதே காரணம்: எந்தத் திசையில் இழுத்தாலும் கிழியக்கூடாது. ஆனால் கவட்டைக்கு வந்ததும் இந்த மூன்றடுக்குக் காவல் தளர்ந்துவிடுகிறது. வெளித்தசை வெறும் தகடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் இரண்டு தசைகளும் கீழ்வரை வராமல் ஒரு வளைவு போட்டு மேலாகவே போய்விடுகின்றன. அந்த வளைவுக்கும் கவட்டு நாருக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரு மெல்லிய உள்திரை மட்டும்தான். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு வயிற்றின் பாரம் முழுவதும் வந்து விழுகிற இடமும் இதுவே.

ஏன் அந்தத் தசைகள் வளைந்து வழிவிட்டன? விரைகளுக்காக.

ஆண் சிசுவின் விரைகள் முதலில் விரைப்பையில் உருவாவதில்லை. சிறுநீரகத்தின் அருகே, முதுகை ஒட்டி உருவாகின்றன. விரைக்கு வரும் தமனி இன்றும் அங்கிருந்தே, சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து புறப்பட்டு, அவ்வளவு தூரம் பயணம் செய்து வருகிறது. சிறுநீரகக் கல்லின் வலி விரைக்கு இறங்குவதும், விரையில் அடிபட்டால் வயிறு சுருண்டு குமட்டுவதும் இந்தப் பழைய உறவால்தான். விந்தணு உருவாக உடலின் உட்சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். அதனால் விரை கீழே இறங்குகிறது. ஏழாம் மாதவாக்கில் கவட்டையை எட்டி, வயிற்றுச் சுவரின் ஊடே நுழைந்து, பிறப்பதற்குள் பெரும்பாலும் விரைப்பைக்கு வந்துவிடும். அதற்கு வழிகாட்டுவது போல ஒரு தசைத்தண்டு முன்னே போகிறது. 1762-இல் அதை விவரித்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், கப்பலின் சுக்கானைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்.

இறங்கும்போது விரை தனியாக வருவதில்லை. குடலைச் சூழ்ந்திருக்கும் பளபளப்பான உறையின் ஒரு பகுதி, கையுறையின் விரல் போல, அதனுடன் நீண்டு விரைப்பை வரை வருகிறது. அதாவது வயிற்றறைக்கும் விரைப்பைக்கும் நடுவில் சிறிது காலம் ஒரு திறந்த குழாய் இருக்கிறது. பிறப்பை ஒட்டியும் அடுத்த சில மாதங்களிலும் அது ஒட்டிக்கொண்டு மூடிவிட வேண்டும். பல பேருக்கு மூடிவிடுகிறது. சிலருக்கு மூடுவதில்லை. வலது விரை இடதுக்குப் பிந்தி இறங்குவதால் வலப்பக்கக் குழாய் திறந்தே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம் என்று விளக்குவார்கள். வலப்பக்கக் குடலிறக்கம் அதிகம் என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

உறைக்குழாய் மூடினாலும் விரை போன வழி முழுவதுமாக மூடிக்கொள்ள முடியாது. ரத்தக் குழாய்களும் விந்து நாளமும் அதில் ஓடியாக வேண்டும். அந்த வழிதான் கவட்டுக் கால்வாய். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம். பாவாடையின் நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். துணி மடிப்பில் ஒரு துளை வழியே நுழைந்து, மடிப்புக்குள்ளேயே ஓடி, இன்னொரு துளை வழியே வெளியே வருகிறது. இங்கும் அப்படித்தான். உள்வாசல் கவட்டு நாரின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே இருக்கிறது. வெளிவாசல் நடு எலும்பின் முடிச்சுக்குப் பக்கத்தில். இரண்டும் நேருக்கு நேர் இல்லை. அதனால் நீங்கள் இருமும்போது உள்ளிருந்து வரும் அழுத்தமே கால்வாயின் பின்சுவரை முன்சுவரோடு சேர்த்து நசுக்கி வழியை அடைத்துவிடுகிறது. அதே கணத்தில் மேலே வளைந்திருந்த இரண்டு தசைகளும் இறுகி, கடையின் ஷட்டரை இழுத்துவிட்டது போல, நாரை நோக்கிக் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு இருமலுக்கும் ஒவ்வொரு தும்மலுக்கும் இந்தக் கதவு சாத்தப்படுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகள் கழித்தும் வியப்பில்லாமல் என்னால் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை.

இனிக் குடலிறக்கம். அந்த உறைக்குழாய் மூடாமல் இருந்தால், உள்வாசல் வழியே குடலோ, குடலை வலை போல மூடியிருக்கும் கொழுப்போ அதற்குள் நுழையலாம். விரை போன பாதையிலேயே போய் விரைப்பை வரைகூட இறங்கலாம். கைக்குழந்தைகளுக்கு வருவது ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். குளிப்பாட்டும்போது குழந்தை வீறிட்டு அழும். கவட்டையில் ஒரு புடைப்பு தெரியும். தூங்கிவிட்டால் காணாமல் போகும். "ஓயாமல் அழவிட்டாய், குடல் இறங்கிவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் தாயைக் கடிந்துகொள்வார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அழுகை அந்த வழியைக் காட்டிக்கொடுத்தது, உண்டாக்கவில்லை. மருத்துவரிடம் போகும்போது குழந்தை அமைதியாக இருந்து ஒன்றும் தெரியாமல் போகலாம். புடைப்பு தெரியும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. குழந்தைகளுக்குக் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து பெரியவர்களைவிட அதிகம் என்பதால், தெரிந்தபின் அறுவை சிகிச்சையை நாள் கடத்துவதில்லை.

அதே திறந்த குழாயோடு ஒருவர் முப்பது, நாற்பது வயது வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். ஷட்டர் தசைகள் பலமாக இருக்கும்வரை அவை தடுத்துக்கொண்டே இருக்கின்றன. தளரும்போது ஒரு நாள் வெளியே தெரிகிறது.

இன்னொரு வகை உண்டு. உள்வாசலை ஒட்டி, அதன் நடுப்பக்கமாக, ஒரு தமனி வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் மேலேறிப் போகிறது. அந்தத் தமனி, நடு வயிற்றுத் தசையின் ஓரம், கீழே கவட்டு நார் என்ற மூன்றுக்கும் இடையில் ஒரு முக்கோணம் இருக்கிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய உடற்கூறு அறிஞர் ஹெசல்பாக் பெயரால் அதை அழைக்கிறோம். அங்கே காவல் பெரும்பாலும் அந்த மெல்லிய உள்திரை மட்டும்தான். வயதாக ஆக அது இழைந்து தொய்கிறது. சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அப்படியே அந்தச் சுவரே முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. இது பிறவியில் வந்த வழி கிடையாது, நாள்பட்ட தேய்மானம். நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதிகம்; இரண்டு பக்கமும் வருவதும் உண்டு.

இளம் மருத்துவர்கள் முதல்முறை என்னுடன் அறுவை அரங்கில் நிற்கும்போது நான் செய்யச் சொல்வது ஒன்றுதான்: "விரலை வைத்து அந்தத் தமனியின் துடிப்பைத் தேடு." பை அதற்கு வெளிப்பக்கம் கிளம்பினால் முதல் வகை, நடுப்பக்கம் கிளம்பினால் இரண்டாம் வகை. சில நேரம் இரு பக்கமும் ஒவ்வொரு பை, கால்சட்டையின் இரண்டு கால்கள் போலத் தமனியை நடுவில் விட்டுத் தொங்கும். படத்தில் நூறு முறை பார்த்தது அந்த ஒரு துடிப்பில் விளங்கிவிடும்.

மூன்றாவது வாசலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கவட்டு நாருக்குக் கீழே, தொடைக்கு ரத்தம் போகும் வழியில், பெரிய சிரைக்கு உட்பக்கமாக ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. விரல் நுனி அளவுதான். நடக்கும்போது சிரை விரிய இடம் வேண்டுமே, அதற்காக விடப்பட்ட இடம். மூன்று பக்கம் நாரும் எலும்பும். நான்காம் பக்கம் சிரை. விரிந்து கொடுக்கத் தெரியாத வாசல். அதன் வழியே குடல் நுழைந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொடைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் வயதான, மெலிந்த பெண்களுக்கு அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன் எழுபதைக் கடந்த ஒரு பாட்டியை என்னிடம் அனுப்பினார்கள். மூன்று நாளாக வாந்தி, வயிறு உப்பியிருந்தது. அதற்குமுன் இரண்டு இடத்தில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். சேலையைத் தொப்புளுக்குக் கீழே யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு நான் பார்த்தபோது வலது கவட்டையில், மடிப்புக்குள், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் கட்டி. தொட்டதும் துடித்துப் போனார். அன்றிரவே திறந்தோம். உள்ளே சிக்கியிருந்த குடல் கறுத்துவிட்டிருந்தது. ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்து இணைத்தோம். பிழைத்துக்கொண்டார். "இந்தக் கட்டி எவ்வளவு நாளாக இருக்கிறது, ஏன் சொல்லவில்லை?" என்று பிறகு கேட்டேன். "ஒரு வருடமாக இருக்கிறது ஐயா. அந்த இடத்தைப் போய் எப்படிச் சொல்வேன்?" என்றார். அன்று முதல், வாந்தியும் வயிற்று உப்பலுமாக வரும் யாருடைய கவட்டையையும் பார்க்காமல் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டியிடம், அம்மாவிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

பிரான்ஸின் ஆன்ரி ஃப்ரூஷோ என்ற அறுவை மருத்துவர் 1956-இல் இந்த மூன்று வாசல்களையும் ஒரே பார்வையில் சேர்த்தார். உள்ளிருந்து பார்த்தால் இவை மூன்றும் ஒரே பெரிய பலவீனப் பகுதியின் பகுதிகளே, கவட்டு நார் அதைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கிறது என்றார். இன்று லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே கேமரா விட்டு, பலவீனமான சுவரைத் தாங்க வலை வைக்கும்போது மூன்றையும் ஒருசேர மூடும்படி விரிப்பது அந்தப் பார்வையின் பயன்.

இப்போது மூட்டைக்கு வருகிறேன். வாழ்நாளில் நூற்றுக்கு 27 ஆண்களுக்கும் 3 பெண்களுக்கும் கவட்டையில் குடலிறக்கம் வருகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. யாருக்கு வருகிறது என்று பார்த்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்கள், ஏற்கெனவே மறுபக்கம் வந்தவர்கள், வயதானவர்கள், புராஸ்டேட் சுரப்பியை அகற்றிக்கொண்டவர்கள். பருமனானவர்களைவிட மெலிந்தவர்களுக்கு அதிகம் வருகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு அடியில் ஒரு காரணம் ஓடுகிறது: திசுக்களைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற புரத இழை. குடலிறக்கம் வந்தவர்களின் திசுக்களில் உறுதியான முதல் வகைக் கொலாஜன் குறைந்து, மெல்லிய மூன்றாம் வகை கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகைபிடிப்பதும் இந்த இழையைக் கெடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் பாரம் தூக்கும் தொழிலைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் ஒரு மூட்டை நல்ல சுவரைப் பிளந்துவிடாது. ஏற்கெனவே தொய்ந்திருந்த இடத்தை அது வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவிடம் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். நாள்பட்ட இருமல் இருக்கிறதா? இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா, முக்க வேண்டியிருக்கிறதா? இந்த வயதில் புராஸ்டேட் வீங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கலும் அதே சுவரில்தான் போய் மோதுகிறது.

கவட்டையில் தெரிவதெல்லாம் குடலிறக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் நெறி கட்டும். அது படுத்தாலும் மறையாது, இருமினாலும் பெருக்காது. ஓதம் என்பது விரையைச் சுற்றி நீர் கோப்பது. அந்த வீக்கத்தின் மேல் விளிம்பை விரல்களால் எட்டிப் பிடிக்கலாம். குடலிறக்கத்தில் அப்படிப் பிடிக்க முடியாது, அது மேலே வயிற்றுக்குள் தொடர்ந்து போகும். நிற்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை.

மாத்திரை இதைக் குணப்படுத்தாது. பெல்ட் புடைப்பை உள்ளே தள்ளி வைக்கும், வாசலை மூடாது. சிக்கியிருக்கும் குடலின் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் கெடுதலும் செய்யும். வலி இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாமா என்று அமெரிக்காவில் 720 பேரை வைத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். திடீரெனக் குடல் சிக்கியது மிக அரிது: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் காத்திருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பத்து ஆண்டுக்குள் வலி கூடி அறுவை சிகிச்சைக்கே வந்தார்கள். ஆகவே நாளைக்கே ஓட வேண்டாம். ஆனால் நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. தொடைக் குடலிறக்கத்துக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தவே பொருந்தாது.

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பயப்படாதீர்கள். இத்தாலியின் எடோவார்டோ பாசினி 1880-களில் கால்வாயின் பின்சுவரை அடுக்கு அடுக்காகத் தைத்து மீட்டபோதுதான் இந்தச் சிகிச்சைக்கு ஒரு நிச்சயம் வந்தது. அவரே இளைஞராக 1867-இல் ரோமுக்கு அருகே நடந்த சண்டையில் துப்பாக்கி முனைக் கத்தியால் கவட்டையில் குத்துப்பட்டு, குடலில் புண்ணாகி, நெடுநாள் அவதிப்பட்டவர். அவர் முறையில் ஒரு குறை இருந்தது: தொய்ந்த திசுவையே இழுத்துப் பிடித்துத் தைத்ததால் இறுக்கம் விழுந்தது, சிலருக்கு மீண்டும் பிரிந்தது. கொலாஜனே பலவீனமானது என்றால் அதையே இழுத்துத் தைத்து என்ன பயன்? 1980-களில் லாஸ் ஏஞ்சலஸின் லிச்டென்ஸ்டைன் இழுக்காமல் ஒரு வலையை விரித்து வைத்தார். அந்த வலையின் கண்களுக்குள் நம் திசுவே வளர்ந்து புதுச் சுவராகிறது. வலை விலை அதிகம் என்ற குறைக்கும் நம் நாட்டிலேயே விடை தேடினார்கள். மகாராஷ்டிராவின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டாக்டர் டோண்காவ்கர், கொசுவலைத் துணியை முறையாகக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்திக் காட்டினார். அத்தகைய மலிவான வலையை உகாண்டாவில் 302 ஆண்களிடம் சோதித்து, ஓராண்டு முடிவில் விலையுயர்ந்த வலைக்கு ஈடாக இருந்தது என்று 2016-இல் வெளியிட்டார்கள். வசதியில்லாதவருக்கும் நல்ல சிகிச்சை சேர வேண்டும் என்று நினைத்துச் செய்த வேலை. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

அப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோ, மருத்துவர் தேர்ந்தெடுக்கும் வேறு முறையிலோ செய்வார்கள். பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள். அந்த இடத்தில் ஓடும் சிறு நரம்புகளால் சிலருக்குத் தொடையின் உட்பக்கம் கொஞ்ச நாள் மரத்திருக்கும். ஒரு சிலருக்கு வலி நீடிக்கும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகாமல் கல் போல இறுகிவிட்டால், வலி விடாமல் ஏறினால், வாந்தி வந்தால், மேல் தோல் சிவந்தால் குடல் சிக்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். முதலில் சிரை அடைபட்டுக் குடல் வீங்கும். வீக்கத்தால் தமனியும் அடைபடும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வீட்டில் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணியானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். போகும் வழியில் சோடா, டீ எதுவும் கொடுக்க வேண்டாம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் உங்களிடம் அதைத்தான் முதலில் கேட்பார்.